எப்போது வேண்டுமானாலும் விலகலாம்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை காலை, அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் ஒரே கண்ணாடியின் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டார்கள். பெரியவள் குட்டை, சின்னவள் நெட்டை. அதனால் பன்னிரண்டு வருடமாக அந்தக் கண்ணாடிக்குச் சண்டை வந்ததில்லை.

பெரியவள் அன்று பேசிக்கொண்டே இருந்தாள். பதற்றமாக இருந்தால் அவளுக்கு வாய் ஓயாது. சின்னவளுக்கு நேர்மாறு. அவள் மூன்று நாட்களாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தாள்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் பெரியவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் அதில் சிக்கிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை என் விண்ணப்பம் அறநெறிக் குழுவுக்குப் போகுது. பாஸானா, மனுஷங்களுக்கு ஊசி போட ஆரம்பிச்சிடலாம்."

வீடே மகிழ்ந்தது. சின்னவளுக்கு மட்டும் கையிலிருந்த கரண்டி கனத்தது. காரணம், அந்த விண்ணப்பத்தை அவள் ஏற்கெனவே படித்து முடித்திருந்தாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் படித்தவர்கள் அவளை 'பிரேக் டீச்சர்' என்பார்கள். தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தபடியே உலகத்தைப் பார்க்கிறவள் என்று அதற்கு அர்த்தம். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர் தன் அறுபத்திரண்டாவது வயதில் அவளிடம் கிளச்சும் கியரும் பழகினார். ஊரிலுள்ள நான்கு ஆய்வகங்களுக்கும் பொதுவான அறநெறிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குழுவில் டாக்டரும் விஞ்ஞானியும் வக்கீலும் அல்லாத ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. 'படிச்சது புரியலைன்னா புரியலைன்னு சொல்ற ஆள் வேணும்' என்று சொல்லி, சின்னவளை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார். மூன்று வருடமாகிறது.

விண்ணப்பங்கள் பெயரை மறைத்துத்தான் வரும். பெரிய பெயரைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாதே. இந்தக் காகிதக் கட்டு கைக்கு வந்தபோது, கண் நோய் என்றதும் அவளுக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கண் மருந்து ஆராய்ச்சி செய்யும் பெரியவளின் வேலை முடிய இன்னும் ஒரு வருடமாகும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதே நோய்க்கு இன்னோர் ஆய்வகமும் மருந்து தேடுகிறது என்று பெரியவளே சொல்லியிருந்தாள். தன் வீட்டுக்காரருக்கு இந்த நோய் உண்டு என்பதை மட்டும் சின்னவள் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நோயாளி வீட்டு ஆள் ஒருவர் குழுவில் இருப்பது நல்லதுதான் என்றார் அவர்.

பிறகு பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் கட்டு முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். ஓரங்களில் பென்சிலால் எழுதினாள்.

இரண்டு இடங்களில் எழுதியதுதான் இப்போது அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

முதலாவது, ஆறாம் பக்கம். ஆராய்ச்சி செய்கிறவர்களின் குடும்பத்தார் யாரையும் முதல் ஆறு நோயாளிகளில் சேர்க்கமாட்டோம் என்று அங்கே இருந்தது. யார் எழுதியது என்று தெரியாமலே மனம் நிறைந்து, பக்கத்தில் ஒரு சரி போட்டு, 'நல்ல மனுஷங்க எழுதியிருக்காங்க' என்று எழுதியிருந்தாள். அந்த நல்ல மனுஷி தன் ஓர்ப்படிதான் என்றும், அந்த வரி விலக்கி வைத்திருப்பது தன் புருஷனைத்தான் என்றும் திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில்தான் தெரிந்தது.

இரண்டாவது, ஒன்பதாம் பக்கம். நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவம். அதில் ஒரு வரி: 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் சொல்லாமல், இந்த ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்ளலாம்.'

அதன் கீழே அவள் பென்சில் கேட்டிருந்தது: 'மருந்து உள்ளே போன பிறகுமா? எப்படி?'

மாத்திரை என்றால் நிறுத்திவிடலாம். இது ஒரே ஓர் ஊசி. கண்ணின் பின்திரையில் இருக்கும் செல்களுக்குள் போய், மரபணுவில் தப்பாக இருக்கும் ஒரு எழுத்தைத் திருத்தும். திருத்தியது திருத்தியதுதான். மறுநாள் மனம் மாறி 'விலகிக்கொள்கிறேன்' என்று வருகிறவரிடம் யார் எதைத் திரும்ப எடுப்பார்கள்?

வியாழக்கிழமை காலை மேசையில் சின்னவளின் வீட்டுக்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவருக்கு. வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் காட்டினால் போதும், அதே நிறத்தை டப்பாவில் இறக்கிவிடுவார். நேரே பார்க்கும் பார்வைக்கு இன்னும் பழுதில்லை. பக்கவாட்டுப் பார்வைதான் வருடத்துக்கு வருடம் உள்ளே ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவர் அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. மூத்த மகனை விட்டுவிட்ட நோய், இளையவரைப் பிடித்துக்கொண்டது.

அவர் கை நீட்டியபோது பக்கத்திலிருந்த தம்ளர் உருண்டது. யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். அவரே துடைத்தார்.

"அண்ணி, கடை முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டேன். எந்தத் தேதி கூப்பிட்டாலும் வர்றதுக்கு ரெடி" என்றார்.

பெரியவளின் வாய் அந்தக் காலையில் முதல்முறையாக ஓய்ந்தது. சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழுவின் காகிதங்களில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது. புருஷனிடமும் கூடாது. அவர் பட்டியலில் இல்லை என்பது அந்த மேசையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்திக்குத் தெரியும் என்பது இன்னொருத்திக்குத் தெரியாது.

குழு கூடும் கட்டடம் பழைய தபால் அலுவலகம் மாதிரி இருக்கும். உயரமான ஜன்னல், நீளமான வராந்தா, கூட்டினாலும் போகாத தூசி. கூட்டம் பத்து மணிக்கு. சின்னவள் ஒன்பதுக்கே போய், தலைவர் அறைக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள்.

அவள் கைப்பையில் ரப்பர் இருந்தது. ஒன்பதாம் பக்கத்து வரியை நாலு தேய்ப்பில் அழித்துவிடலாம்.

அழித்தால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்தாள். குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் படித்தவர்கள். அவர்களில் யாருக்காவது தோன்றினால் கேட்கட்டும். தான் கேட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. படிவத்தைத் திருத்திக் கொண்டுவரச் சொல்வார்கள். அடுத்த கூட்டம் ஆறு வாரம் கழித்து. முதல் ஆறு நோயாளிகள் தள்ளிப் போனால் அடுத்த வரிசை நோயாளிகளும் தள்ளிப் போவார்கள். அந்த அடுத்த வரிசையில்தான் தன் வீட்டுக்காரருக்கு இடம். பார்வையின் அகலம் இருபது டிகிரிக்குக் கீழே சுருங்கியவர்களைச் சேர்க்கமாட்டார்கள். அவருக்குப் போன பரிசோதனையில் இருபத்தாறு.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஆறாம் பக்கத்தால் தன் புருஷனுக்கு இடமில்லாமல் போனதற்காகத்தான் ஒன்பதாம் பக்கத்தில் குடைகிறாள் என்று நாளை யாரும் சொல்லலாம். வீட்டில் ஒரு பார்வை போதும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லி முடியாது.

ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை வாய்க்குள் படித்தாள். கையெழுத்துப் போடப்போகிற ஆறு பேரும் பார்வை மங்கியவர்கள். யாராவது வாசித்துக்காட்டத்தான் கேட்பார்கள். 'எப்போது வேண்டுமானாலும்' என்று கேட்டதும் அவர்களுக்கு ஒரு தைரியம் வரும். அந்த தைரியத்தில்தான் பேனாவைப் பிடிப்பார்கள்.

ரப்பரைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினாள்.

நீதிபதி அம்மாள் முழுவதையும் கேட்டார். உறவை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னார். இந்த விண்ணப்பம் முடியும்வரை அவள் அறைக்குள் இருக்கக் கூடாது, வாக்கும் கிடையாது என்றார். அது அவளுக்குத் தெரிந்ததுதான். பிறகு கட்டை வாங்கிப் புரட்டினார். பென்சில் எழுத்துகளில் அவர் கண் நின்றது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் படித்த தேதியையும் நேரத்தையும் குறித்திருந்தாள். மாணவர்களின் பயிற்சி நேரத்தைக் குறித்துக் குறித்து வந்த பழக்கம்.

"இது திங்கட்கிழமைக்கு முன்னால எழுதினதா?"

"போன வியாழன், மேடம். பக்கத்து மேல போட்டிருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தெரிவதற்கு முன்பு கேட்ட கேள்வி குழுவுக்குச் சொந்தமானது, அதைத் தூக்கிப்போடத் தனக்கும் அதிகாரமில்லை, அவளுக்கும் இல்லை என்றார். ஆனால் ஒரு சிக்கல். யார் கேட்டது, விண்ணப்பதாரருக்கு அவர் என்ன உறவு என்பது இரண்டையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதியாக வேண்டும். அந்தக் குறிப்பு யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது.

"உங்க வீட்டுலயும் படிப்பாங்க" என்றார். "வேண்டாம்னா, இந்தக் கேள்வி வேற யாருக்காவது தோணுதான்னு நான் காத்திருக்கலாம். தோணாமலும் போகலாம்."

சின்னவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எழுதிக்குங்க மேடம்" என்றாள்.

வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான். வெளியே அனுப்பப்பட்ட உறுப்பினரும் அதில்தான் உட்கார வேண்டும், அழைப்புக்குக் காத்திருக்கும் விண்ணப்பதாரரும் அதில்தான் உட்கார வேண்டும்.

மாடிப்படி ஏறி வந்த பெரியவள், அவளைப் பார்த்ததும் நின்றாள். நீ இந்தக் குழுவிலா என்று கேட்கவில்லை. சின்னவள் ஏதோ ஒரு கமிட்டியில் இருக்கிறாள் என்பது வீட்டுக்குத் தெரியும். எந்தக் கமிட்டி என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உள்ளே இருக்க வேண்டியவள் வெளியே இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போடப் பெரியவளுக்கு இரண்டு நொடி போதுமாயிருந்தது.

"எப்ப தெரிஞ்சுது?"

"திங்கட்கிழமை, அக்கா. நீங்க சொன்னப்ப."

"தொண்டை சரியில்லன்னு சொன்னியே."

"அதான் தொண்டை."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விண்ணப்பத்தைப் பற்றி இருவரும் பேசக் கூடாது. அதனால் காஸ் சிலிண்டர் பற்றிப் பேசினார்கள். மாடித் தொட்டியின் மூடி பற்றிப் பேசினார்கள். கப்பலில் இருக்கும் பெரியவளின் வீட்டுக்காரர் அடுத்த மாதம் எந்தத் துறைமுகத்தில் இருப்பார் என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்ததும் பெரியவள் மடியிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

அந்தக் கைகளைச் சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கையுறை போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பெண்மணி எட்டு மாத வேலையை ஒரே காலையில் குப்பையில் போட்டாள். குளிர்பெட்டியின் வெப்பமானி இரண்டு டிகிரி தப்பாகக் காட்டியது தெரிந்ததும், யாரும் கேட்காமல் தானாகவே போட்டாள். முடிவுகள் எல்லாம் நன்றாகத்தானே வந்திருந்தன என்று உடன் வேலை செய்தவர்கள் கெஞ்சினார்களாம். நன்றாக வந்ததால்தான் சந்தேகம் என்றாளாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கார் ஓட்டத் தெரிந்தவர்களை எப்படி எடைபோடுவது என்று சின்னவளுக்குத் தெரியும். வேகமாகப் போகிறவர்களை அவள் மதிப்பதில்லை. தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் கூச்சப்படாமல் ரிவர்ஸ் எடுக்கிறவர்களைத்தான் மதிப்பாள்.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்து பெரியவளை அழைத்தார்கள்.

அவள் உள்ளே போனதிலிருந்து நாற்பது நிமிடம், சின்னவள் பெஞ்சை விட்டு அசையவில்லை. ஒருமுறை ஓர் ஆண் குரல் உயர்ந்தது. கதவின் மேல்பக்கக் கண்ணாடியில் பெரியவளின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. குட்டை என்பதால் அவள் எழுந்து நின்று பேசுகிறாள் என்பதே அதில்தான் தெரிந்தது.

வெளியே வந்தபோது பெரியவளின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நேரே குடிநீர்த் தொட்டிக்குப் போய் இரண்டு தம்ளர் குடித்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, உள்ளே நடந்ததைச் சொன்னாள். குழு முடிவை அறிவித்துவிட்டதால் இனி பேசத் தடையில்லை.

தலைவர் ஒன்பதாம் பக்கத்துக் கேள்வியை வாசித்தாராம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்றும் மறைக்காமல் சொன்னாராம். ஒரு டாக்டர் சிரித்துவிட்டு, இது எல்லாப் படிவத்திலும் இருக்கிற வாடிக்கையான வரி, இதற்காகவா ஒரு மருந்தை நிறுத்துவது என்று கேட்டாராம். இப்போது அனுமதி கொடுத்துவிடுவோம், வரியைப் பிறகு திருத்திக்கொள்ளட்டும் என்று நாலு பேர் சொன்னார்களாம்.

"அப்ப பாஸாயிடுச்சா அக்கா?"

"பாஸ் பண்ணத்தான் பார்த்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள்.

"அனுமதி கையில வந்தா திங்கட்கிழமையே ஆறு பேரும் கையெழுத்துப் போட வந்துடுவாங்க. பழைய வரியில போடுவாங்க. அப்புறம் திருத்தி என்ன பண்றது? திருத்தி எடுத்துட்டு வர்றேன், அடுத்த கூட்டத்துல பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"ஆறு வாரம் ஆகுமே."

"ஆகும்."

பெரியவள் கோப்பை மடியில் நேராக வைத்தாள்.

"அந்த வரியை நாலு வருஷமா படிக்கறேன்" என்றாள் பெரியவள். "மாத்திரை ஆராய்ச்சிக்கு எழுதின பழைய படிவத்துலேருந்து எடுத்துப் போட்டது. பதினோரு பேர் சரிபார்த்தோம். ஒருத்தருக்கும் கண்ணுல படல. நீ எப்படிப் பிடிச்சே?"

"வாய்விட்டுப் படிச்சேன் அக்கா. கேக்கறப்ப இடிச்சுது."

கொஞ்சம் தயங்கிவிட்டு, கோபமா என்று கேட்டாள்.

"வந்தது. ரெண்டு நிமிஷம். அப்புறம் நீ கேட்டது சரின்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல கோபப்பட வழியில்ல." கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினாள். "ஆறாம் பக்கத்தையும் பார்த்திருப்பே."

"பார்த்தேன்."

"'நல்ல மனுஷங்க'ன்னு எழுதியிருந்தே. தலைவரம்மா அதையும் படிச்சாங்க."

"தெரியாம எழுதிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா?"

சின்னவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பென்சிலையே எடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

பெரியவள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

மாலை ஐந்தரைக்கு வீட்டில் நால்வரும் கூடத்தில் இருந்தார்கள். கடையிலிருந்து வந்திருந்த சின்னவளின் வீட்டுக்காரருடைய புறங்கையில் இன்னும் காயாத பச்சை இருந்தது. மாமியார் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். கண் முழுவதும் போய்ப் பத்து வருடமாகிறது. குரலைக் கேட்டே ஆளின் மனதைச் சொல்லிவிடுவார் என்பதால் அவரிடம் யாரும் அதிகம் பொய் சொல்வதில்லை.

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. ஆறு வாரத் தாமதத்தைச் சொன்னாள். அடுத்த மூச்சில் ஆறாம் பக்கத்தையும் சொன்னாள்.

சின்னவளின் வீட்டுக்காரர் தன் புறங்கையிலிருந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"என்னை ஒதுக்கினது சட்டமா, நீங்களா அண்ணி?"

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. நான்தான் எழுதினேன்."

"ஏன்?"

பெரியவள் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப்போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தெரியாது.

"ஊசி போடறதுக்கு முதல் நாள் உங்களுக்கு பயம் வந்தா, என்கிட்ட வேண்டாம்னு சொல்வீங்களா? இத்தனை வருஷம் நான் உழைச்சதைப் பார்த்துட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

அவர் புறங்கைப் பச்சையை விரலால் தேய்த்தார்.

"உங்களால முடியாது. அப்படின்னா அது சம்மதமே இல்ல. இன்னொண்ணும் இருக்கு. ஊசி போட்ட பிறகு ஆறு பேர்ல ஒருத்தருக்குக் கண் சிவந்தாலும் நான் எல்லாத்தையும் நிறுத்தணும். அது உங்க கண்ணா இருந்தா எனக்கு புத்தி சரியா வேலை செய்யாது. மத்த அஞ்சு பேரும் என்னை நம்பித்தானே வர்றாங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். போகும் வழியில் முக்காலியில் கால் இடித்தது. வலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. அவர் முதுகைப் பார்த்தபோது சின்னவளுக்கு இனியும் காத்திருக்க முடியவில்லை. ஆறு வாரம் தள்ளிப்போனது தன்னுடைய கேள்வியால்தான் என்று சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், ரப்பரைக் கையில் எடுத்ததையும் சேர்த்து.

அவள் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினால் அது நியாயம்தான் என்று இருந்தது அவளுக்கு.

"நான்னா அழிச்சிருப்பேன்" என்றார் கடைசியில். கோபமில்லை. ஒரு நிறத்தைப் பார்த்து இது இன்ன கலவை என்று சொல்கிற குரல். "சத்தியமா அழிச்சிருப்பேன். நீ அழிக்கல."

அதைப் பாராட்டு என்று எடுப்பதா, வேறென்ன என்று எடுப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் வந்து அவள் பக்கத்தில் நின்றதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அவர் பெரியவளிடம், புது வரியை எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். வரும்போது பஸ்ஸிலேயே எழுதியதாகச் சொல்லி அவள் நோட்டைத் திறந்தாள். படிக்கச் சொன்னார். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'ஊசி போடும் நிமிடம் வரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். ஊசி போட்ட பிறகு நீங்கள் எங்களிடம் வராமல் இருக்கலாம், பரிசோதனைகளை மறுக்கலாம், உங்கள் விவரங்களைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் மருந்தைத் திரும்ப எடுக்க எங்களால் முடியாது. அது செய்த மாற்றம், நல்லதோ கெட்டதோ, உங்கள் ஆயுள் முழுக்க உங்களோடு இருக்கும்.'"

இவ்வளவு நேரம் வாயைத் திறக்காத மாமியார்தான் பேசினார்.

"இன்னொரு தடவை படி."

பெரியவள் படித்தாள்.

"நல்லா இருக்கு. பயமாவும் இருக்கு. அப்படித்தான் இருக்கணும்" என்றார் அவர். "எனக்கு ரத்தம் எடுத்தப்ப இப்படி யாராவது ரெண்டு வரி படிச்சுக்காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

என்ன ரத்தம் என்று பெரியவள் கேட்டாள்.

இதுவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றார் மாமியார். கண் பாதி போயிருந்த சமயம். டாக்டர்கள் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சொல்லி ஐந்தாறு சின்னப் புட்டிகளில் எடுத்தார்களாம். ஒரு தாளை நீட்டினார்களாம். எழுத்து தெரியவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டுபோய் ஓர் இடத்தில் வைத்து, இங்கே போடுங்கள் என்றார்களாம். போட்டாராம்.

"படிச்சுக்காட்டியிருந்தாலும் போட்டிருப்பேன். யோசிச்சுட்டுப் போட்டிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அது சரி, அந்த ரத்தத்தை என்ன பண்ணியிருப்பாங்க? கொட்டியிருப்பாங்களா?"

"எந்த ஆஸ்பத்திரி, அத்தை?" பெரியவளின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எந்த வருஷம்?"

"துறைமுகத்துக்குப் பின்னால இருக்கே, அந்தப் பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு அப்ப நாற்பத்தி நாலு. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

விண்ணப்பக் கட்டின் மூன்றாம் பக்கத்தையும் சின்னவள் வாய்விட்டுத்தான் படித்திருந்தாள். மனிதக் கண்ணுக்குப் போகும் முன் இந்த மருந்தை ஆய்வகத்தில் சில செல்களின் மேல் போட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்த்தார்கள். அந்தச் செல்களால்தான் மருந்து உருவானது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனையில், இதே நோயுள்ள நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணிடமிருந்து எடுத்த ரத்தத்திலிருந்து வளர்த்தவை அவை. பெயர் தெரியாது. எண் மட்டும்தான் உண்டு.

பெரியவள் மெதுவாக நோட்டை மூடினாள். மூடிவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். சின்னவளும் அவளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஏன் பேச்சை நிறுத்திட்டீங்க?" என்றார் மாமியார்.